கழற்றி வைத்த இருக்கை

காரின் பின்னிருக்கையின் கடைசி போல்ட்டு மட்டும் இறுகிப்போய் வர மறுத்தது. மெக்கானிக் செந்தூர்பாண்டி அதன்மேல் எண்ணெய் விட்டு, ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். வண்டி வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் உப்புக் காற்று அடியில் புகுந்து வேலையைக் காட்டியிருந்தது.

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதான. பின்னால யாரு உக்காரப் போறா?" என்றார் ஜேசுதாசன்.

போல்ட்டு கழன்றது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இருக்கையை வெளியே எடுத்துப் பட்டறைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். உறை பிரிக்காத புது இருக்கை. அதில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. அதைப் பார்க்கையில் ஜேசுதாசனுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. இவ்வளவு பாரத்தையும் இத்தனை நாள் சும்மா சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோமே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

கப்பலில் என்ஜின் அறையிலேயே முடி நரைத்தவர் அவர். எண்ணெய் எவ்வளவு எரிந்தது என்று தினமும் மேலே கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு டன் கூடினால் ஏன் கூடியது என்று கேள்வி வரும். காற்றா, நீரோட்டமா, கப்பலின் அடியில் ஒட்டிய பாசியா என்று தேடிக் கண்டுபிடிப்பதிலேயே அவர் வாழ்வின் பாதி போனது. வருடத்தில் சில வாரங்கள் மாப்பிள்ளையூரணியில் கட்டிய வீட்டுக்கு வருவார். மனைவி டெல்பின் குசினியில் மீன் கழுவிக்கொண்டே, "நீங்க எறங்கி வந்தப்புறம் ஒரு காரு வாங்கணும். அக்காவையும் கூட்டிட்டு உவரி, வேளாங்கண்ணி எல்லாம் போவணும்" என்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்காகக் காத்திருப்பதில் கழிந்த வருடங்களில் அவளுக்குத் துணை, மணப்பாட்டில் இருந்த அக்கா ஆக்னஸ்தான்.

கடைசியாகக் கப்பலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகக் கார் தேடினார். மழை வெள்ளத்தில் தெருவே குளமாகிப் போன வருடத்தை அவர்கள் மறக்கவில்லை. அதனால் உயரமான வண்டிதான் வேண்டும், ஆனால் சின்னதாக இருக்க வேண்டும் என்று முடிவானது. டெல்பினுக்கு ஒரு சிவப்பு வண்டி பிடித்திருந்தது. மேலே கண்ணாடிக் கூரை வைத்தது. உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அந்தக் கூரை பாரம், சிவப்பு வெயிலை இழுக்கும், ஏசி கூடுதலாக ஓடும் என்று ஜேசுதாசன் விளக்கினார். ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, விற்கிறவர்களே அலுத்துப்போகும் அளவுக்குக் கேள்வி கேட்டு, கடைசியில் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஒரு வெள்ளை வண்டியை எடுத்தார். "வெள்ளையும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் டெல்பின்.

அதோடு அவர் நிற்கவில்லை. முதலில் கூரைமேல் இருந்த கம்பிகள் போயின. பிறகு அகலமான டயர்களை மாற்றி ஒடுங்கலானவற்றைப் போட்டார். காற்றை இறுக அடைத்ததில் வண்டி ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போட்டது. முன்னால் காற்று புகும் சல்லடையில் பாதியைத் தகடு வைத்து மூடினார். ஸ்டெப்னி டயர் வீட்டிலேயே தங்கியது. காலையில் தனியாகப் புறவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் போய், அதே பங்கில், அதே பம்பில் கழுத்துவரை நிரப்பி மைலேஜ் கணக்குப் பார்ப்பார். ஒருநாள் திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபடி, "நீ இல்லாம ஓட்டுனா லிட்டருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடுதல் குடுக்குளா" என்றார். வெறும் தகவலாகத்தான் சொன்னார். டெல்பின் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு நறுக்கினாள். அந்தப் பார்வை அப்போது அவருக்குப் புரியவில்லை.

இருக்கையைக் கழற்றிய மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை இருவரும் மணப்பாட்டுக்குப் போனார்கள். அன்று வண்டி அவர் சொன்னபடி கேட்டது. திரையில் இதற்கு முன் ஒருநாளும் காணாத மைலேஜ் எண் வந்து நின்றது. திரும்பும்போது கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ளும், இன்னும் கூடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஆக்னஸ் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டார். மகன் குவைத்தில் இருக்க, ஆக்னஸ் தனியாகத்தான் இருந்தாள். அன்று பேச்சுக் குறைவாக இருந்தது. குசினிக்கும் கூடத்துக்கும் நடப்பதற்குள் சுவரைப் பிடித்து நின்றாள்.

கிளம்பும் நேரத்தில் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, ஒரு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

"நானும் உங்க கூட வாரேன் தம்பி. ரெண்டு வாரம் இருந்துட்டு வந்துருதேன்."

வண்டியின் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே வெறும் தரை. "ஐயோ, சீட்ட எங்க?" என்று கேட்டுச் சிரித்தாள்.

டெல்பின் முகம் சிவந்துபோனது. "அக்கா முன்னால உக்காரட்டும். நான் பஸ்ல வந்துருதேங்க" என்றாள்.

அது செய்யக்கூடிய காரியம்தான். குலசேகரன்பட்டினம் வரை நெருக்கி உட்கார்ந்து போயிருந்தால் அங்கிருந்து டெல்பினுக்கு எத்தனையோ பஸ். ஆனால் திருப்பத்தில் நிறுத்தி, பஸ் வரும்வரை காத்திருந்து, மறுபடி கிளப்பினால் அந்த எண் போய்விடும். அந்த ஒரு நொடியில் அதுதான் அவர் மனதில் இருந்தது. வேறெதுவும் இல்லை.

"எதுக்கு ரெண்டு பேரும் செரமப்படணும்? வார ஞாயித்துக்கெழம சீட்ட மாட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன் மைனி" என்றார்.

"அதுவும் சரிதான். ஓடியா போயிருவேன்?" என்றாள் ஆக்னஸ். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மூடிய ஜன்னல் ஒன்றைத் திறந்து கையசைத்தாள்.

டெல்பின் தன் பக்க ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி வந்தாள். காற்று தள்ளியது. எண் கூடியது. "பாத்தியாளா?" என்று அவர் திரையைக் காட்டியபோது, "ம்" என்றாள்.

புதன்கிழமை காலையில் ஆக்னஸின் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி போன் செய்தாள். பால் வாங்கக் கதவைத் திறக்கவில்லையே என்று பின்பக்கமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு முருகேஸ்வரி டெல்பினின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு மாசமா மூச்சு வாங்குது மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டே இருந்தாவ. பஸ்ல ஏறி எறங்க முடியல, தங்கச்சி வந்தா கார்ல போயி டாக்டர பாத்துருவேன்னாவ. ஒங்ககிட்ட சொல்லலியா?"

டெல்பின் இல்லையென்று தலையசைத்தாள். கதவோரம் அந்த நீலப் பை கட்டியது கட்டியபடி இருந்தது. வெளியே ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜேசுதாசனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. டெல்பின் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள், ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் பார்க்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நெஞ்சு கொஞ்சம் இலகுவாகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றும். கூட்டி வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்குமோ என்னவோ. யாரால் சொல்ல முடியும்? ஆனால் கூட்டி வந்திருக்கலாம்.

செந்தூர்பாண்டியிடம் போய் இருக்கையைத் திரும்ப மாட்டச் சொன்னார். பழைய டயர், கூரைக் கம்பி, ஸ்டெப்னி எல்லாம் ஏறின. சல்லடையை மூடிய தகட்டைத் தானே பிய்த்து எறிந்தார். வண்டி மறுபடி மெத்தென்று ஓடியது. எவ்வளவு குடித்தது என்று அவர் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு மணப்பாட்டுக்குப் போக வேண்டும். விடிந்ததும் குளித்து வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். டெல்பின் மெழுகுவர்த்திகளும் பூவும் வைத்த கூடையோடு வெளியே வந்து, காரைத் தாண்டிப் போய் நின்று செருப்பை மாட்டினாள்.

"நான் பஸ்ல போயிருதேன். நீங்க கார்ல வாங்க."

"சீட்டெல்லாம் மாட்டியாச்சேளா."

"மாட்டியாச்சு" என்றாள். கோபம் இல்லை. தெருமுனை வரை நடந்து போய், அங்கே திரும்பி மறைந்தாள்.

சற்று நேரம் கழித்துத்தான் அவர் கிளம்பினார். பழையகாயல் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் அவள் ஏறிய பஸ் அகப்பட்டது. கடைசி வரிசையில், பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெல்பினின் தலையும் கறுப்பு முக்காடும் தெரிந்தன. முந்திப் போக வழி இருந்தும் போகவில்லை. பஸ் நின்ற இடமெல்லாம் அவரும் நின்றார். அது கிளம்பக் கிளம்பினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுக் கடந்து போனான்.

ஆத்தூர்ப் பாலத்துக்கு முந்திய நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. வெற்றிலைக் கூடையோடு வயதான பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துத் தள்ளாடியபடி கடைசி வரிசைவரை வந்தாள். இடம் இல்லை. டெல்பின் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஜன்னலோடு ஒட்டி, உடம்பைக் குறுக்கி நகர்ந்தாள். நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டானது. அந்தப் பெண் அதில் மெல்ல உட்கார்ந்தாள். பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியது.