ஏழு சதவீதம்

2004ஆம் வருடம் அக்டோபர் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலேகாலுக்கும் ஐந்துக்கும் இடையில், திருப்பூர் வட்டார லீக்கின் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஆறுச்சாமி கம்பெனி அணியின் பதினொரு பேரும் ஆளுக்கு ஏழு சதவீதம் சுருங்கினார்கள். அது உயரத்தில். அகலத்தில் ஐந்து சதவீதம். அளந்தவர் அதே பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் மோகன்ராஜ். இருபது வருடமாகத் துணியின் சுருக்கத்தை அளந்து பழகியவர் என்பதால் அந்த அளவில் யாரும் சந்தேகப்படவில்லை. மழை விட்டு மேற்கில் வெயில் அடித்தது. கூட்டம் வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனது.

அது கோப்பைக்கான ஆட்டம் அல்ல. இரண்டாம் டிவிஷனில் முதலாவதாக வரும் அணி தானாகவே முதல் டிவிஷனுக்குப் போய்விடும். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவர்கள் மீதியிருக்கும் ஒரே இடத்துக்காக ஒரு தடவை மோத வேண்டும். ஜெயித்தால் மேலே, தோற்றால் இருந்த இடம். முதலாளி ஆறுச்சாமிக்குக் கால்பந்தில் பெரிய அக்கறை ஒன்றும் கிடையாது. ஆனால் சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர்கள், தொழிலாளர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. முதல் டிவிஷன் அணி வைத்திருக்கிறோம் என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. கம்பெனிக்குப் பின்னால் அப்போதுதான் பதினொரு லைன் வீடுகள் கட்டி முடித்திருந்தார். பதினொன்று என்பதைப் பார்த்ததும் வாய் தானாகவே திறந்துவிட்டது.

"ஏனப்பா, நீங்க மேல போனீங்கன்னா ஆளுக்கொரு ஊடு. குடும்பத்தக் கூட்டியாந்து வெச்சுக்குங்க."

இந்த வார்த்தையை மற்ற பத்துப் பேரும் காதில் வாங்கினார்கள். கோல்கீப்பர் காசிமாயன் நெஞ்சில் வாங்கினான். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரன். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம். கம்பெனியில் செக்கிங் பிரிவு. 97இல் திருப்பூர் வந்ததிலிருந்து ஒரே அறையில் வேறு ஏழு பேரோடு முறை வைத்துத் தூங்கினான். மனைவி மூக்கம்மாளும் மகள் நாகஜோதியும் ஊரில் இருந்தார்கள். தீபாவளி, பொங்கல், சாமி கும்பிடு என்று போனால் பார்க்கலாம். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அவள் இவனை "வந்தவரு" என்றுதான் மற்றவர்களிடம் சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னதுதான் என்று மூக்கம்மாள் சமாதானப்படுத்தினாள். அவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. மகளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை அன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தான். அந்த அக்டோபரில் அது நூற்று ஆறு.

தப்பு நடந்தது சனிக்கிழமை. அதுவரை அணி ஆளுக்கொரு நிறத்தில், ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ் பனியன்களைப் போட்டே ஆடியது. இறுதி ஆட்டத்தில் எல்லோரும் ஒரே நிறம், கோல்கீப்பர் மட்டும் வேறு நிறம் என்று லீக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பத்துப் பேருக்குப் பச்சை, காசிமாயனுக்கு மஞ்சள் என்று துணி சாயப்பட்டறையிலிருந்து சனிக்கிழமை மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. சாயத்திலிருந்து வரும் துணியை நீராவியில் அழுத்தி முன்கூட்டியே சுருக்க வேண்டும். அந்த மெஷினில் கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ரோலைப் பிரித்து ஒரு முழு நாள் விரித்துப் போட்டு, துணிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதற்கு நாளே இல்லை. ஓய்வெடுக்காத துணியை வெட்டக்கூடாது என்பது திருப்பூரில் கத்தரி பிடிக்கிற எவனுக்கும் தெரியும். மோகன்ராஜுக்கும் தெரியும்.

"காசி, உன்ற அளவு அச்சாப் புடிச்சு வெட்டிட்டனப்பா. சுருக்கத்துக்குன்னு ஒண்ணும் உடுல. ஒரு நாளைக்குத்தான, மழையா வந்தரப் போவுது" என்றார்.

காசிமாயன் போட்டுப் பார்த்தான். அப்படிக் கச்சிதமான சட்டையை அவன் வாழ்நாளில் போட்டதில்லை. செக்கிங்கில் இருக்கிறவன் என்பதால் தையலைத் திருப்பிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

எதிரணி சாமளாபுரம் விசைத்தறிக்காரர்கள். அவர்கள் சட்டை நாலு வருடப் பழசு. சுருங்க வேண்டியதெல்லாம் என்றைக்கோ சுருங்கி முடிந்திருந்தது. முதல் பாதியில் கம்பெனி அணியின் தூத்துக்குடிக்காரன் ராபின் ஒரு கோல் போட்டான். இடைவேளையில் காசிமாயன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை; பதினொரு வீடுகளில் கடைசி வீட்டை எடுத்துக்கொள்ளலாமா, அதன் பக்கத்தில் முருங்கைக்கன்று ஒன்று இருக்கிறதே என்று ராபினிடம் கேட்டான். எடுத்துக்கோ என்று ராபின் சொன்னான். நாலேகாலுக்கு மழை பிடித்தது. முதலில் தெரிந்தது ஷூவில்தான். இறுக்கிக் கட்டியிருந்த ஷூக்கள் தொளதொளத்தன. பிறகு பழைய டவுசர்கள் இடுப்பில் நிற்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. சட்டை மட்டும் கடைசி வரை கச்சிதமாகவே இருந்தது. எழுபதாவது நிமிடத்தில் சாமளாபுரம் சமன் செய்தது. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் செங்கோட்டையன் என்ற தறிக்காரர் தூரத்திலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். காசிமாயன் சரியான இடத்தில் நின்றான், சரியான நேரத்தில் எம்பினான். பந்து அவன் விரல் நுனிக்கு நான்கு விரல் மேலே போய் வலைக்குள் விழுந்தது. காலையில் வந்திருந்தால் அது அவன் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும்.

கோல் கம்பம் உயர்ந்துவிட்டது என்று அணி புகார் கொடுத்தது. கமிட்டிச் செயலாளர் டேப் கொண்டுவந்து பிடித்தார். எட்டு அடி சரியாக இருந்தது. அப்போதுதான் மோகன்ராஜ் தன் டேப்பை எடுத்து ஆட்களை அளந்தார். செயலாளர் நல்ல மனிதர். விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பந்தின் சுற்றளவுக்கு விதி இருந்தது, கோட்டின் அகலத்துக்கு விதி இருந்தது. ஆளின் உயரத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்கு ஒன்று என்ற முடிவு எழுதிக் கையெழுத்தானது. முதலாளியும் கெட்டவர் இல்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதானப்பா. நீங்க மேல போகலியே" என்றார். வீடுகளில் வேஸ்ட் துணி மூட்டைகளை அடுக்கச் சொன்னார்.

சட்டைகளைக் கழற்றிப் பார்த்தார்கள். சட்டை கழன்றது, சுருக்கம் கழலவில்லை. மோகன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அளவு குறைந்த துணியை இழுத்துப் பிடித்து ஆவி அயர்ன் போட்டால், பையர் பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் அளவு நிற்கும். அது எல்லாக் கம்பெனிகளிலும் நடப்பதுதான். மறுநாள் பதினொரு பேரையும் அயர்ன் டேபிளில் வரிசையாகப் படுக்க வைத்து, தலைமாட்டில் இரண்டு பேர், கால்மாட்டில் இரண்டு பேர் நின்று இழுக்க, ஆவி காட்டினார். மூன்று அங்குலம் கிடைத்தது. டீ டைம் வரை நின்றது.

அந்தத் தீபாவளிக்குக் காசிமாயன் ஊருக்குப் போனபோது மூக்கம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டித் தயாராக வைத்திருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னய்யா, வேட்டி தரையக் கூட்டுது?"

"மழையில நனைஞ்சிட்டேன் புள்ள."

"ஆட்டம்?"

"போச்சு."

அவள் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இருந்த இடத்திலேயே மறுபடி அடுக்கினாள். நாகஜோதி அப்பாவின் பக்கத்தில் நின்று, தன் தலை அவனுக்கு எதுவரை வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தாள். போன தடவையைவிட நன்றாக வளர்ந்திருக்கிறோம் என்று அவளுக்குச் சந்தோஷம்.

துணி மூன்று வாஷ் வரைதான் சுருங்கும், பிறகு நின்றுவிடும் என்பது தொழிலில் எல்லோரும் அறிந்தது. அதைச் சொல்லித்தான் மோகன்ராஜ் எல்லோரையும் தேற்றினார். வாளித் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. ஐப்பசி மழையில் நனைந்தால் வருடத்துக்கு இரண்டு அங்குலம் குறைந்தது. குடை பிடித்தவர்களுக்கும் குறைந்தது. 2005இல் அணி லீக்கில் ஏழாவது இடம், 2006இல் கடைசி இடம், அதற்கடுத்த வருடம் பெயரே கொடுக்கவில்லை. ராபின் தூத்துக்குடிக்கே திரும்பிப் போனான். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். காசிமாயனுக்கு டவுன் பஸ்ஸில் அரை டிக்கெட் கொடுத்தார்கள்; அவன் மீசையைக் காட்டி முழு டிக்கெட் வாங்கினான். செக்கிங் டேபிள் எட்டாமல் போனபோது ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டான். நாலாவது மழையும் முடிந்த பிறகு மோகன்ராஜ் அவனிடம் வந்து நின்றார். "துணின்னா இந்நேரம் நின்னிருக்கும், காசி. மனுசனுக்கு எப்படின்னு எனக்குத் தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு அழுதார். காசிமாயன் ஸ்டூலில் ஏறி அவர் தோளில் கை வைத்தான். அவர்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. கோபம் யார்மேல் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

2009இல் ஆறுச்சாமி லைன் வீடுகளிலிருந்த மூட்டைகளை எடுத்துவிட்டு, மேலே ஒரு மாடியும் எழுப்பி, பீகாரிலிருந்து வந்த ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் மிஞ்சியது. உயரமான பக்கத்தில் நாலடி ஒன்பது அங்குலம். அவர் காசிமாயனைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனப்பா காசி, இதுக்குள்ள நீ நிமுந்து நிப்பயல்ல?"

"நிப்பேன் முதலாளி."

அப்போது அவன் உயரம் நாலடி எட்டு. ஆறுச்சாமி ஒரு கதவு போட்டு, குண்டு பல்பு ஒன்று மாட்டிக் கொடுத்தார். பன்னிரண்டாவது ஊடு என்று எல்லோரும் சொன்னார்கள். ஜூன் மாதம், நாகஜோதியை உசிலம்பட்டியில் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டு, மூக்கம்மாள் சாக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் ஐந்தடி ஒன்று. நுழைந்ததும் தலை இடித்தது. சமைக்கக் குனிந்தாள், துணி மடிக்கக் குனிந்தாள், புருசனோடு பேசக் குனிந்தாள். மூன்றாவது மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிங் பிரிவுக்குப் போனாள்.

"அண்ணே, அன்னைக்கு இவுகளுக்குச் சட்டை வெட்டுன மஞ்சத் துணி மிச்சம் இருக்கா?"

இருந்தது. மோகன்ராஜால் அதை விற்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அலமாரியின் அடித்தட்டில் சுருட்டியது சுருட்டியபடியே ஐந்து வருடம் கிடந்தது. அதனால் அதற்கு ஓய்வும் கிடைத்திருக்கவில்லை. எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்ததும் அவர் சுருளை மேஜையில் வைத்துப் பிரிக்கப் போனார்.

"அம்மிணி, ஒரு நாள் விரிச்சுப் போட்டு வெட்டித் தாரனே."

"வேணாம்ண்ணே. அன்னைக்கு எப்பிடி வெட்டுனீகளோ அப்பிடியே வெட்டுங்க."

"புள்ளைக்கு?"

"அவளுக்கு வேணாம். அவ வளரட்டும்."

அந்த வருடம் ஐப்பசி மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. கம்பெனிக்குப் பின்னால் லீக் மைதானத்தில் அந்த வருடத்து இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ இரண்டு கம்பெனிகள். மூக்கம்மாள் சேலைக்கு மேல் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு லைன் வீடுகளின் முற்றத்தில் போய் நின்றாள். குடியிருந்தவர்கள் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். காசிமாயன் படிக்கடியிலிருந்து வெளியே வந்தான்.

"வேணாம் புள்ள."

"நீ உள்ள போய்யா. நனைஞ்சா இன்னும் சிறுசாப் போவ."

அவன் உள்ளே போய்க் கதவோரம் உட்கார்ந்து அழுதான். மழை முக்கால் மணி நேரம் பெய்தது. மைதானத்தில் நீளமாக ஒரு விசில் கேட்டது. யார் மேலே போனார்கள் என்று அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை. மழை விட்டதும் மோகன்ராஜ் வந்து அளந்தார். நாலடி எட்டே முக்கால்.

"தலைக்கு மேல கால் அங்குலம் நிக்குதம்மிணி."

"போதும்ண்ணே" என்று அவள் உள்ளே போய் நிமிர்ந்து நின்றாள். சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அடுப்பைப் பற்ற வைத்து உலை வைத்தாள்.

அரையாண்டு லீவுக்கு நாகஜோதி வந்தாள். அப்பாவையும் அம்மாவையும்விட வளர்ந்திருந்தாள். எட்டு நாள் இருந்தாள். காசிமாயன் கணக்கில் மகளோடு இருந்த நாட்கள் அதோடு நூற்று எண்பத்தொன்பது. முதல் நாள் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டு, கால்களை வெளியே நீட்டி வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மூக்கம்மாள் சோற்றுத் தட்டை உள்ளேயிருந்து எட்டி நீட்டினாள். நாகஜோதி குனிந்து வாங்கிக்கொண்டாள்.