படிக்கட்டுக்கு அடியில் பத்தொன்பது பேர்

மழை வெளிச்சம் மாடிப்படி வரைதான் வந்தது. படிக்கு அடியில் சாம்பல் நிறம். ஈரச் சுவரின் வாடை.

அந்தச் சாம்பலுக்குள் பத்தொன்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு. தூத்துக்குடிப் பக்கம், கடலோர ஊர் ஒன்றின் பள்ளிக்கூடம். நான் தமிழாசிரியையாக மாற்றலாகி வந்த முதல் வாரம்.

மெல்லக் கற்போர் என்றார் தலைமையாசிரியர். பட்டியலில் அவர்கள் பெயருக்கு மட்டும் சிவப்பு மை.

பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் சிலேட்டில் அ எழுதினார்கள். அழித்தார்கள். மறுபடியும் அ. மூன்று வருடமாக அதே அ.

மூன்று வருடத்தில் இவர்களை ஓர் எழுத்துக்கு அப்பால் கூட்டிப்போகாதவர்கள் நாம். மெல்ல என்ற பெயர் மட்டும் இவர்களுக்கா? கேட்டேன், மனதுக்குள். வாய்விட்டுக் கேட்காததற்கு இன்றும் என்மேல் எனக்குக் கோபம்.

அவர்களில் ஒருத்தி பிரிஸ்கா. வாசி என்றால் எழுந்து நின்று, வயிறு வலிக்கிறது என்பாள். தினமும் வலி. தமிழ் பீரியடில் மட்டும் வலி.

நூலக பீரோ பூட்டியிருந்தது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். மூன்று நாள் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று சாவி வாங்கினேன். உள்ளே கதைப்புத்தகங்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். கிழிவதற்கு ஒரு விரலாவது பட்டிருக்க வேண்டாமா?

சிலேட்டுகளை ஓரமாக வைக்கச் சொன்னேன். ஒரு கதை வாசித்தேன். தாசில்தாரின் நிலப்பதிவுக் கோப்பைத் தின்றுவிட்ட ஆட்டின் கதை. ஊர் நிலமெல்லாம் ஆட்டின் வயிற்றுக்குள். அதிகாரிகள் ஆட்டைச் சுற்றிக் கைகட்டி நிற்கிறார்கள்.

ஆடு வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்தினேன். புத்தகத்தை அவர்கள் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் பத்தொன்பது தலையும் ஒரே பக்கத்தின்மேல். ஒருத்திக்கு ‘டு’ தெரிந்தது. ஒருவனுக்கு ‘தா’ தெரிந்தது. இருப்பதைப் போட்டுக் கூட்டாகச் சமைப்பதுபோல் ஒரு வரியைச் சமைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள்.

மூன்றாம் வாரம் பிரிஸ்கா சிரித்தாள். யாரும் வாசித்துக் காட்டாமல், தானே வாசித்து, தானே சிரித்தாள். வயிற்றுவலி அதற்குப் பிறகு வரவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் இறங்கி வந்தார். சிரிப்பு பாடத்தில் இல்லை என்றார்.

அடுத்த மாதம் ஆய்வு. அதிகாரி வரும் அன்று இந்தப் பத்தொன்பது பேரும் லீவு எடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு. பள்ளிக்கூடமே பிள்ளைகளை வராதே என்கிறது. அந்த முறை வாய்விட்டே சொன்னேன்.

“நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களே போய்ச் சொல்லுங்க, அவங்க மூஞ்சியப் பாத்து.”

அவர் போய்ச் சொன்னார். ஆனாலும் பத்தொன்பது பேரும் வந்தார்கள், தலைசீவி, பவுடர் பூசி.

அதிகாரி பிரிஸ்காவை வாசிக்கச் சொன்னார். அவள் பாடப்புத்தகத்தை விட்டு ஆட்டின் கதையை எடுத்தாள். தடுக்கினாள். நின்றாள். எழுத்தெழுத்தாக ஏறினாள். இரண்டு வரியில் அவர் போதும் என்று கையைக் காட்டினார்.

“இருங்க சார். இனிமேத்தான் சிரிப்பாணியே வரும்.”

அவர் இருந்தார். பதினொரு நிமிடம். தலைமையாசிரியரின் நெற்றி வேர்த்தது. கடைசி வரியில் அதிகாரி சிரித்துவிட்டார். ஆய்வுக் குறிப்பில் மட்டும், வாசிப்பு வேகம் குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு மெமோ. மேஜையில் கிடந்ததைப் பிரிஸ்கா எடுத்தாள். விரல் வைத்து, உதடு அசைத்து, தேதியிலிருந்து கையெழுத்து வரை வாசித்தாள். நான் தடுக்கவில்லை.

“ஒழுங்கு நடவடிக்கைன்னு போட்டிருக்கு டீச்சர். எல்லா எழுத்தும் தெரியுது. நீங்க என்ன தப்பு செஞ்சீங்கன்னுதான் இதுல எங்கயும் இல்ல.”