ஏலத்தில் வந்த குட்டி

நாற்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொண்டால் ஊர் என்ன பேசும் என்று பாக்கியவதி மூன்று மாதம் தூக்கம் கெட்டு யோசித்தாள். ஊர் ஒன்றும் பேசவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டது. அதற்குப் பேசியே இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

2003 ஜனவரியில் புனேவில், கட்கித் தமிழ்ச் சபையில் நடந்த கல்யாணம் அது. மாப்பிள்ளை லியோனார்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெடிமருந்துத் தொழிற்சாலை அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். முதல் மனைவி மேரி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பாக்கியவதி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பதினான்கு வருஷம் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது எந்தப் பக்கமாகப் போனதென்றே அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவும் போன பிறகு, பாஸ்டர் வீட்டு அம்மாதான் ஒரு நாள் இரண்டு பேரையும் டீக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். லியோனார்டு டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புதிதாகக் கல்யாணமான ஜோடியைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு அழைத்து விருந்து வைப்பது வழக்கம். ஜோடிக்கு இத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும் என்று அந்த வழக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. பிப்ரவரியில் வேலூர் போனார்கள். ஐந்து நாளில் ஒன்பது வீடு. ஒன்பது வீட்டிலும் மட்டன் பிரியாணி. "பொண்ணு மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வை" என்று யாராவது சொல்வார்கள். கூடத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சர்க்கரை வியாதிக்காரரான மாப்பிள்ளை பரிதாபமாகப் பெண்ணைப் பார்ப்பார்.

"வெக்கப்படாம சாப்புடுடா லியோ," என்றாள் அவருடைய அக்கா சரசா. "இந்த வயசுல மாப்பிள்ள ஆவறதுன்னா சும்மாவா? எங்களுக்கும் சந்தோஷமா இருக்கில்ல."

இதையெல்லாம் பாக்கியவதி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று இருந்தது. கை கழுவி வெற்றிலைத் தட்டு வந்ததும் எல்லா வீட்டுப் பெண்களும் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கேட்பார்கள்: "ரீனா எப்படி இருக்கா? உன்ன என்னன்னு கூப்புடுறா?"

"நல்லா இருக்கா," என்பாள் பாக்கியவதி. முதல் கேள்விக்கு அதுதான் பதில். இரண்டாவதற்குப் பதில் இல்லை.

ரீனா லியோனார்டின் ஒரே மகள். இருபத்து மூன்று வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதில் ஐந்து வருஷம் பாக்கியவதியின் சண்டே ஸ்கூல் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து "டீச்சர், டீச்சர்" என்று உயிரை வாங்கியவள். அப்பாவின் கல்யாணத்தை அவள் எதிர்க்கவில்லை. நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், பந்தியில் நின்று பரிமாறினாள், போட்டோவில் ஓரமாக நின்று சிரித்தாள். ஆனால் அன்றையிலிருந்து பாக்கியவதியை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போன் செய்தால், "டாடி இருக்காரா?" என்பாள். "சாப்ட்டாச்சா? அங்க மழையா?" என்று மரியாதையாகக் கேட்பாள். ஒரு மனுஷியை ஒன்றும் கூப்பிடாமலே மாசக் கணக்கில் பேசிவிடலாம் என்பதைப் பாக்கியவதி அவளிடம்தான் தெரிந்துகொண்டாள். அம்மா என்று அவள் கூப்பிட வேண்டாம். நினைத்தாலே பாக்கியவதிக்குக் கூசியது. ஏதாவது ஒரு உறவுமுறை வைத்து, தானும் அந்த வீட்டுக்கு ஒருத்தி என்று தெரிகிற மாதிரி, ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அந்த ஆசை அவளைப் படுத்தி வைத்தது.

மே மாத லீவில் இரண்டு பேரும் ரயிலேறி பெங்களூர் போனார்கள். ரீனா நன்றாகத்தான் கவனித்தாள். லால்பாக் கூட்டிப்போனாள், தோசை வாங்கிக் கொடுத்தாள். அறையில் கூட இருந்த பெண்ணிடம், "மை டாட்... புனேலேருந்து வந்திருக்காங்க," என்று இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அந்தப் பெண் யாரோ எவரோ, மலையாளி, ஒரே நிமிஷத்தில் "ஆண்ட்டி, காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டது. பாக்கியவதி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காபியைக் குடித்துச் சமாளித்தாள்.

ஆகஸ்டில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. ஹனிமூன் என்று வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. "சும்மா மகாபலேஷ்வர் வரைக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். கொட்டுகிற மழையில் எந்த மலையும் தெரியவில்லை. ஒவ்வொரு இடமாக டாக்ஸிக்காரர் நிறுத்தி, "இங்கிருந்து பள்ளத்தாக்கு பிரமாதமாக இருக்கும்" என்று இந்தியில் சொல்ல, இருவரும் குடையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை மூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். நான்காவது இடத்தில் லியோனார்டு, "பணம் குடுத்து மேகம் பாக்கிற ஜோடி நம்மதான்," என்றார். அவள் சிரித்த சிரிப்பில் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. இந்த மனுஷரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவள் தனக்குள் முழுசாக ஒத்துக்கொண்டாள்.

அக்டோபரில் வந்தது வினை.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், கேக், இரண்டு கோழி என்று போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பொருளாளர் டெக்ஸ்டர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. பக்கத்து ரேஞ்ச் ஹில்ஸில் யாரோ ஒருவர் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டதாம். அவர் ஒன்றை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டார்.

சண்டே ஸ்கூல் பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு மேஜையை மொய்த்தன. டெக்ஸ்டர் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. பாக்கியவதிக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாக அவள் வகுப்பில் ஒரே சட்டம்தான்: டீச்சர் வலது கையை உயர்த்தினால் வாயை மூட வேண்டும். பழக்க தோஷத்தில் கூட்டத்தின் நடுவே கையை உயர்த்தினாள். பிள்ளைகள் கப்சிப்பென்று அடங்கின. அந்த அமைதியில் டெக்ஸ்டரின் குரல் கணீரென்று கேட்டது.

"சிஸ்டர் பாக்கியவதி கேட்டிருக்காங்க. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்."

அவள் கையை இறக்குவதற்குள் பெட்டி அவளிடம் வந்துவிட்டது. பாக்கியவதிக்கு நாயென்றால் சின்ன வயதிலிருந்தே குலை நடுக்கம். அங்கேயே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் லியோனார்டு கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இவ்ளோ ஆசையா உனக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே," என்றார். "கல்யாணமானதுலேருந்து நீ உனக்குன்னு ஒண்ணு கேட்டதே இல்ல."

இதற்கு மேல் அந்த மனுஷரிடம் எதைச் சொல்வது? குட்டிக்கு லட்டு என்று அவரே பெயர் வைத்தார். அவரே குளிப்பாட்டினார், அவரே பால் வைத்தார். லட்டு கூடத்தில் இருந்தால் பாக்கியவதி சமையலறையில் இருந்தாள். அது சமையலறைக்கு வந்தால் அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் லியோனார்டு மகளிடம் பெருமையாக அளந்தார். அவளுக்கு ரொம்ப ஆசை, சபையே பார்க்கக் கை தூக்கிவிட்டாள் என்றார். பேசிக்கொண்டே வந்தவர் முகம் சுருங்கிப் போனதைப் பாக்கியவதி பார்த்தாள். ரிசீவரை வைத்தார்.

"மேரிக்கு வீசிங் இருந்துச்சில்ல. நாய் முடி ஆகாது," என்றார். "ரீனா பத்து வருஷம் நாய்க்குட்டி கேட்டு அழுதா. நான்தான் மம்மிக்கு ஆகாது, இந்த வீட்ல கேக்காதேன்னு அடக்கி வெச்சேன். இப்ப மட்டும் எப்படி டாடி அந்த வீட்ல நாய் வந்துச்சுன்னு கேக்கிறா. நான் அத யோசிக்கவே இல்ல."

"அப்புறம்?"

"கிறிஸ்மஸுக்கு வரலையாம். ஆபீஸ்ல வேலையாம்."

மறுநாளே பாக்கியவதி டெக்ஸ்டரிடம் போய்க் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "காணிக்கையா வந்தது, சிஸ்டர். திருப்பி வாங்குற வழக்கம் இல்ல," என்று அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கை தூக்கியதில் ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் கிறிஸ்மஸ் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மூன்று நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ரீனாவுக்குப் போன் போட்டாள். அவளாக ரீனாவுக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"ரீனா, நான் பாக்கியவதி பேசுறேன். டாடி நல்லா இருக்காரு, பயப்படாத. இந்த நாய் விஷயமா பேசணும். எனக்கு நாய்மேல ஆசையே கிடையாதும்மா. நாய்னா எனக்கு பயம். அன்னிக்குப் புள்ளைங்க கத்திச்சுங்க. நான் கையத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"எந்தக் கை?" என்றாள் ரீனா.

"வலது கை."

"அந்த சைலன்ஸ் கையா?"

"அதுதான்."

முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அந்தக் கைக்கு ஐந்து வருஷம் நடுங்கியவள் அல்லவா. அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கி வந்தது. பூத்துக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பாக்கியவதியும் சிரித்துவிட்டாள். சிரித்து ஓய்ந்த கையோடு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"உங்க மம்மி இருந்த வீட்ல நாய் வந்துட்டுதேன்னு உனக்குக் கஷ்டமா இருக்கும். நானும்தான் வந்துட்டேன். அதுவும் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குப் புரியுது ரீனா. அதுக்காக டாடிய விட்டுடாத. நீ வரலேன்னா அவரு கிறிஸ்மஸே கொண்டாட மாட்டாரு."

"கை மேட்டர் டாடிக்குத் தெரியுமா?" என்று ரீனா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாது. நான் ஆசப்பட்டுக் கேட்டேன்னு சந்தோஷமா இருக்காரு. சொல்ல மனசு வரல."

"சொல்லாதீங்க," என்றாள் ரீனா. "பாவம் டாடி."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் போட்டாயிற்று என்று லியோனார்டிடம் சொன்னாள். அவர் அன்றைக்கு லட்டுவுக்கு இரண்டு தடவை பால் வைத்தார்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ரீனா வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட வைக்காமல் குட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். இரண்டு நாளும் வீட்டில் அவளும் லட்டுவும்தான். அப்பா பார்க்காதபோது பாக்கியவதியைப் பார்த்து வலது கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரிப்பாள். பாக்கியவதிக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் கூப்பிடவில்லை. இப்போதும் "டீ போடட்டுமா?" என்று பொதுவாகத்தான் கேட்டாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் கட்கிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தங்கள் வீட்டுக் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பது அங்கிருக்கிற குடும்பங்களின் வழக்கம். மேரி போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்பாவும் மகளும் போய்வருவார்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர்கள் சங்கடப்பட வேண்டாமே என்று பாக்கியவதி விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்துக் கல்கல் பலகாரம் பொரிக்க உட்கார்ந்துவிட்டாள். மேரியை அவளுக்குத் தெரியும். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடுவாள். அடக்கத்துக்குப் பாக்கியவதியும் போயிருந்தாள். இப்போது மேரியின் வீட்டில், அவள் அடுப்பில், அவள் வாங்கி வைத்த வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லறைக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

லியோனார்டு பூக்கூடையோடு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ரீனா சமையலறைக்குள் வந்தாள். ஒரு கையில் குட்டி. மறு கையால் அடுப்பை அணைத்தாள்.

"அப்புறம் பொரிச்சுக்கலாம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கும்மா. நீயும் டாடியும் போய்ட்டு வாங்க."

"மூணு பேரும் போலாம். ஆட்டோ சொல்லியாச்சு."

கல்லறைத் தோட்டத்தில் நல்ல குளிர். அங்கங்கே குடும்பங்கள் வாளியும் துடைப்பமுமாக வேலையாக இருந்தன. லியோனார்டு சாமந்திப் பூவைப் பரப்பிவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பாக்கியவதி நாலடி தள்ளி, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். ரீனா கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, லட்டுவைத் தூக்கிக் காட்டினாள்.

"மம்மி, இதான் லட்டு. இனிமே உனக்கு வீசிங் வராது, கோச்சுக்காத," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிப் பாக்கியவதியின் புடவைத் தலைப்பைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இது சின்னம்மா. உனக்குத்தான் தெரியுமே. டாடிய நல்லா பாத்துக்கிறாங்க. என்னையும்."

அழக்கூடாது என்று பாக்கியவதி நினைக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே அழுதாள். லியோனார்டு ஜெபத்தை முடித்துவிட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே நின்றார். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. இவ்வளவு நாள் தன்னை முறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்து அவள் பயந்த மேரி, இப்போது அக்காவாகிவிட்டாள். பாக்கியவதி குனிந்து, கல்லின் ஓரத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். ரீனாவும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினாள். குட்டி இரண்டு பேருக்கும் நடுவில் மண்ணைத் தோண்டியது. அது தன் முழங்கையில் உரசுவதைக்கூடப் பாக்கியவதி கவனிக்கவில்லை.

"சின்னம்மா," என்றாள் ரீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தத் தண்ணி பாட்டில எடுங்க. எழுத்தெல்லாம் மண்ணா இருக்கு."

பாக்கியவதி பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.