தாலாட்டு மாஸ்டர்

"இன்னும் ஒண்ணுப்பா. ஒண்ணே ஒண்ணு."

மகள் ஸ்பூனை அப்பாவின் உதட்டருகே பிடித்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். பால் பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. காலையிலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு மடக்குக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் 'இன்னும் ஒண்ணு' என்றாள். அவரும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாய் இன்னும் ஒன்று கொடுத்தார். இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் அவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் நம்பினாள்.

மதிய வெயில் திரைச்சீலை வழியே வடிந்து, தேன் நிறத்தில் அறையில் தேங்கியிருந்தது. அதன்மேல் கட்டில் மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

அப்பா பளு தூக்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். மற்ற கூடங்களில் இரும்பைத் தூக்கியதும் கத்திக்கொண்டு தரை அதிரக் கீழே போடுவார்கள். இவருடைய கூடத்தில் அந்தக் கதை நடக்காது.

"போடாதே, வை. தூங்குற குழந்தையப் படுக்க வைக்கிற மாதிரி வை. தூக்கறப்ப பாதி பலம்தான் வருது. மீதி இறக்கறப்பதான் வரும்."

கேலிக்காகத்தான் 'தாலாட்டு மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கோ அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இன்னொரு விதியும் உண்டு. உடம்பு கோணினால் அடுத்தது கிடையாது. முதுகு வளைந்துவிட்டால், ஆள் காலில் விழுந்தாலும் சரி, பக்கத்தில் வந்து தணிந்த குரலில் 'வை' என்பார். அவரிடம் பளு தூக்கப் பழகிய அவளே அழுது சண்டை போட்டிருக்கிறாள்.

"என்னால முடியும்ப்பா!"

"முடியும்னு எனக்கும் தெரியும். அதனாலதான் வைன்னு சொல்றேன்."

அறை வாசலில் அத்தை வந்து நின்றாள். அப்பாவின் அக்கா. "அம்மாடி, இவ்வளவு பெரிய தோளை வெச்சுக்கிட்டு ஒரு ஸ்பூனைப் பிடிக்கக் கை நடுங்குதே உனக்கு."

"நடுங்கல அத்தை."

"சரி, நடுங்கல. எனக்குத்தான் கண்ணு சரியில்ல."

அத்தைக்குப் பின்னாலிருந்து பூசணி எட்டிப் பார்த்தார். அப்பாவிடம் முதன்முதலில் பயிற்சி பெற்றவர்; கதவை அடைத்து நிற்கும் உடம்பு, அதனால் வந்த பட்டப்பெயர். காலணியைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார்.

"மாஸ்டர் தூங்கறாரா?"

"இல்லண்ணா. அவரால இன்னும் முடியும். பாருங்க, பால் குடிக்கிறாரு."

"முடியும்மா. அவரால முடியாததா?"

பூசணி கட்டிலருகே குனிந்தார். அப்பாவின் மூச்சு ஏறியபோது கழுத்து ஒரு பக்கமாய் இழுத்தது. ஒரு தோள் தூக்கிக்கொண்டது. பூசணி வெகு நேரம் பார்த்தார்.

"ஆனா... கோணிடுச்சேம்மா."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஏதோ ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே தெரு முழுவதையும் கடந்து போனது.

அப்பாவின் கண்கள் மகள்மேல் இருந்தன. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பாரத்தை நெஞ்சில் ஏந்திக்கொண்டு, அடுத்த சொல்லுக்காக அவள் அவரைப் பார்த்த பார்வை அது.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அவர் காதருகே குனிந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வைப்பா."

அவர் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டிருந்த தோள் மெல்ல மெல்லத் தலையணைக்கு இறங்கியது. கழுத்து நேரானது. தேன் நிற வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுவரில் ஏறி, உத்தரத்தைத் தொட்டு, அங்கேயே கரைந்தது.

மறுநாள் காலை பூசணியும் கூடத்துக் கூட்டாளிகளும் அப்பாவைப் பாடையோடு தூக்கிப் படியிறங்கினார்கள். அமரர் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது.

"உள்ள உருளை இருக்கு சார்," என்றார் ஓட்டுநர். "சும்மா முனையைப் போட்டுத் தள்ளுங்க, தானா போயிடும்."

யாரும் போடவில்லை. கைகளை நீட்டிய மேனிக்கு நின்றார்கள். நெற்றி நரம்பு புடைக்க, எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் உதடு அசைந்தது.

முதுகு வளையாமல், முட்டியை மடக்கி, ஒன்றாக இறக்கினார்கள். வண்டிக் கூரையில் கண்மூடி உட்கார்ந்திருந்த புறா அப்படியே உட்கார்ந்திருந்தது.