பெயர் சொல்லாத செபம்

டிவியில் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆம்ப்ரோஸ் பாய்ந்து போய் அதை அணைத்தார். பெங்களூர் ஈஜிபுராவின் அந்தச் சின்ன வீட்டில் சில வாரங்களாக அவருக்கு இதே வேலைதான். ஆஸ்பத்திரிப் பையைப் புடவைக்கடைப் பைக்குள் ஒளிப்பார், போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுவார். மனைவி பிரிஜெட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய். அவளிடம் அல்சர் என்று சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

பயந்தால் உடம்பில் ஊறும் ஹார்மோன் அந்த நோயைப் பரப்பிவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில்கூட, தலைவி சாந்தகுமாரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, "கேன்சர்ல கஷ்டப்படற ஒரு சகோதரிக்காக" என்று பெயரில்லாமல் செபம் கேட்டார். பிரிஜெட்டும் முழங்காலில் நின்று அந்தச் சகோதரிக்காக உருகி வேண்டினாள். பாவி மனிதர், பக்கத்தில் நின்று ஆமென் சொன்னார்.

இப்போது அவள் அடுத்த சிகிச்சைக்கு வரமாட்டேன் என்றாள்.

"அல்சருக்கு யாராச்சும் இவ்ளோ டிரிப் ஏத்துவாங்களா? பேடவே பேடா, வேண்டவே வேண்டாம், நான் வரல."

ஆம்ப்ரோஸ் டாக்டர் பார்கவியிடம் ஓடினார். "அவளுக்குத் தெரியாம மாத்திரையா குடுத்துடுங்க டாக்டர். தெரிஞ்சா பயந்துடுவா, பரவிடும்."

"ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இந்த கேன்சர் செல்களத் தூண்டுதுன்னு லேப்லயும் எலிங்ககிட்டயும் பாத்திருக்காங்க சார். மனுஷங்களுக்கு எவ்ளோன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா டிரீட்மென்ட நிறுத்தினா கண்டிப்பா பரவும். தெரியாம தவிக்கிறதும் பயம்தானே?"

வீடு திரும்பியவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி எதிரே உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த சகோதரி நான்தானே?" என்றாள் பிரிஜெட்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எல்லாரும் கண்ண மூடி வேண்டறப்ப சாந்தகுமாரி மட்டும் என்னையே பாத்து அழுதா. அன்னைலருந்து தூக்கம் ஏது? நீங்களா சொல்லணும்னுதான் வரமாட்டேன்னு அடம்புடிச்சேன்."

"நீ பயந்துடுவேன்னுதான் பிரிஜெட்..." அவர் உடைந்து அழுதார்.

"பயப்படாமயா இருந்தேன்? தனியா பயந்தேன், அவ்ளோதான். நோயாளிகிட்ட நோய மறைச்சா பயம் போகாதுங்க, வைத்தியம்தான் கெட்டுப்போகும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பைய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அடுத்த கூட்டத்துல என் பேரச் சொல்லியே செபம் கேளுங்க."