இரண்டாவது விரல்

சோப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, துடைக்கத் தனித் துணி இருந்தது, விரலிடுக்கில் தடவக் களிம்பும் இருந்தது. ஆனாலும் ஆண்டாளம்மாளுக்கு மூன்று வாரத்துக்கொரு முறை தொடையில் நெறி கட்டியது, குளிர் ஜுரம் வந்தது, இடது கால் சிவந்து கொதித்தது. அதே ஊரில் யானைக்கால் உள்ள மற்ற நான்கு பேருக்கும் இதே சோப்பு, இதே களிம்புதான். அவர்களுக்கு ஜுரம் நின்று ஆறு மாதம் ஆகிறது. இவளுக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? மானாம்பதிப் பக்கத்துக் கிராமங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மார்த்தாளுக்கு அது பிடிபடவே இல்லை.

யானைக்காலில் கொசு கொண்டுவந்த புழு செய்கிற கெடுதல் ஒருமுறைதான். காலில் ஊறும் நீரை மேலே ஏற்றுகிற நுண்ணிய வாய்க்கால்களை அது தூர்த்துவிடுகிறது. மதகு அடைத்துக்கொண்ட ஏரி மாதிரி நீர் தேங்கிய பிறகு, தோலில் மயிரிழை வெடிப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். வருகிற ஒவ்வொரு ஜுரமும் மிச்சமிருக்கும் வாய்க்காலையும் கொஞ்சம் தூர்க்கும், கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். அதனால்தான் கழுவித் துடைப்பதே பெரிய மருந்து.

"இன்னா, மறுபடியும் வந்துட்டியா?" ஆண்டாளம்மாளின் புருஷன் பாண்டுரங்கன் படலைத் திறக்கவில்லை. "காலனிக்காரி கை என் பொண்டாட்டி கால்ல படக்கூடாது. எது சொல்றதா இருந்தாலும் அங்கேர்ந்தே சொல்லு."

"ஜுரம் எப்ப வந்துச்சிங்க?"

"நாலு நாளு முன்னால. இப்பதான் எறங்கிச்சி. இன்னொரு தபா வந்துச்சின்னா சூடு போடுறவன்கிட்ட இட்டுக்கினு பூடுவேன். காய்ச்சின கம்பியால முட்டிக்குக் கீய மூணு இயுப்பு. அப்புறம் உன் சோப்பும் வேணாம், நீயும் வேணாம்."

மார்த்தாள் பயந்துபோனாள். நீர் தேங்கிய காலில் சூட்டுப்புண் ஆறாது. அப்படிப் புரையோடிய ஒருவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பி, ஒற்றைக் காலோடு திரும்பக் கண்டவள் அவள். அந்தப் பயம் கோபமாக வெளியே வந்தது.

"அம்மா, நெஜத்த சொல்லுங்க. டெய்லி கயுவுறீங்களா, இல்ல நான் வர்ற அன்னிக்கு மட்டுமா?"

கூடத்தில் கட்டில்மேல் இருந்த ஆண்டாளம்மாள் விசுக்கென்று திரும்பினாள். "இவ இன்னா போலீசா? காலு என்னுது, நோவு என்னுது. கயுவாம ஜுரத்துல பொரண்டுக்கினு கெடக்க எனுக்கு இன்னா வேண்டுதலா?"

தவறான கேள்வி என்று மார்த்தாளுக்குக் கேட்ட வாயோடு தெரிந்தது. "செய்கிறீர்களா" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்ல வேண்டும். படித்த பாடம்தான், எட்டு மாதமாக இந்த வீட்டில் செய்யவில்லை.

"கோச்சிக்காதீங்க. ஒரு வாட்டி கயுவிக் காட்டுங்க. நான் வேலிகிட்டயே நிக்கிறேன்."

"பாத்துட்டுப் போவட்டும்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஆண்டாளம்மாள் வாசலுக்கு வந்து கல்மேல் உட்கார்ந்தாள். சோப்பைக் கையில் குழைத்துக்கொண்டாள், முழங்காலிலிருந்து கீழே வந்தாள், மடிப்பு மடிப்பாகக் கழுவினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு துணியை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டாள். இரண்டாவது விரலில் மட்டும் துணி மேலேறித் தாண்டிப் போனது. அங்கே, வீங்கிய சதை பாதி விழுங்கிய மெட்டி.

"அத்த கொஞ்சம் நவுத்துங்க."

"நவுராது. அஞ்சி வருசமா நவுரல."

"ஓரத்துல அமுக்குங்க."

அமுக்கினாள். வெள்ளையாக ஈரம் கசிந்தது.

மற்ற நான்கு பேரில் மூவர் ஆண்கள், ஒருத்தி புருஷனை இழந்தவள். யார் காலிலும் மெட்டி இல்லை. விரலிடுக்கு, விரலிடுக்கு என்று ஓதிய மார்த்தாள் ஒரு நாளும் மெட்டிக்கு அடியில் என்று சொன்னதில்லை.

"மெட்டியக் கயட்டிடணும்," என்றாள் அவசரமாக.

பாண்டுரங்கன் எழுந்துவிட்டார். "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு கீறேன், என் எதிர்லயே கயட்டச் சொல்றியா? வேதக்காரிக்கு மெட்டின்னா இன்னா தெரியும்? நட."

"தாலிய மட்டும் ஏன் வுட்டுட்ட," என்றாள் ஆண்டாளம்மாள். "அதையும் கேளு."

பஸ்ஸுக்கு நடக்கும்போது மார்த்தாள் யோசித்தாள். கழற்றுவதா காரியம்? அடியில் காய வேண்டும், அவ்வளவுதான். மெட்டி நகர்ந்தாலே போதும். அது முழு வளையமும் இல்லை, அடிப்பக்கம் வாய் பிரிந்த பட்டை. வெள்ளி மிருதுவான உலோகம், இழுத்தால் விரியும். வீக்கம் மிகக் குறைவாக இருப்பது எப்போது? இரவெல்லாம் உயர்த்தி வைத்த கால், தரையில் ஊன்றுவதற்கு முன்.

களிம்பைத் தவறவிடாதீர்கள், காலைத் தலையணைமேல் வைத்துப் படுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி மூலம் சொல்லியனுப்பினாள். மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் வந்தாள். அலுமினியக் கம்பியை வளைத்துத் தன் கால்விரலில் மாட்டி, அதே வேலிக்கு இப்பால் நின்றாள்.

"மெட்டி வெரல வுட்டு வெளிய வராது. கயட்டச் சொன்னா என்னைத் தொரத்துங்க."

"தொரத்தத்தான் போறேன்," என்றார் பாண்டுரங்கன். ஆனால் கதவை மூடவில்லை.

பூக்கட்டும் நூல் இரண்டை எண்ணெயில் தோய்த்து, வாயின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று எனக் கம்பிக்கு அடியில் கொடுத்தாள். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் மெல்ல இழுத்தாள். கம்பி வாய் பிளந்தது. கட்டிலில் காலை உயர்த்தி வைத்தபடியே ஆண்டாளம்மாள் பார்த்துச் செய்தாள். நூல் புண்ணில் உரச, மார்த்தாளின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். திட்டிக்கொண்டே இழுத்தாள். ஐந்து வருஷம் கழித்து மெட்டி நகர்ந்தது. கீழே தோல், ஊறிய அப்பளம் போல வெளுத்து வெடித்திருந்தது.

பாண்டுரங்கன் குனிந்து பார்த்தார். "பாத்தாச்சி இல்ல? கெளம்பு."

மூன்று மாதமாக ஜுரம் இல்லை. சூடு போடுகிற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. படலும் திறக்கவில்லை. உள்ளிருந்து ஆண்டாளம்மாள் குரல் மட்டும், "செஞ்சிக்கினுதான் கீறேன், போ," என்று வரும்.

அவள் செய்வது இதுதான். விடிந்ததும், காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன் மெட்டியை விரல் நுனிவரை தள்ளுகிறாள். அது இருந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கிறாள். களிம்பு தடவி, அது காய்ந்த பிறகு மெட்டியைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறாள்.