டம்மி ஜன்னல்

வடமங்கலக்குடிப் பேரூராட்சியில் சாக்கடை ஓடுகிறதோ இல்லையோ, விதி நன்றாக ஓடும். கோயிலைச் சுற்றித் தேர் ஓடுகிற நான்கு வீதிகளும் பழமை மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் உள்ளே எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். வெளியே மட்டும் ஓட்டுச் சார்ப்பு, சந்தன நிறம், மாடியில் பச்சைச் சட்டம் போட்ட மூன்று ஜன்னல். இதில் எது குறைந்தாலும் பேரூராட்சி கையெழுத்துப் போடாது. கையெழுத்து இல்லாமல் கரண்ட் கனெக்‌ஷன் வராது.

குந்தவையின் புருஷன் பிரபு கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். தெற்கு வீதியில் அப்பா விட்டுப்போன மனையில் வீடு கட்டுவதற்காக நீண்ட லீவில் வந்திருந்தான். யூடியூபைப் பார்த்துப் பார்த்து அவன் பொறுக்கி வைத்திருந்த கண்ணாடியும் ஸ்டீல் கைப்பிடியும் ஊதா விளக்கும் பேரூராட்சி ஓவர்சீயர் தங்கையனின் மேஜையிலேயே உயிரை விட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மூன்றாவது ஜன்னல்தான் இடித்தது. அந்த இடத்துக்கு நேர் பின்னால் மாடிப்படி ஏறுகிறது. அந்தச் சுவரில் ஓட்டை போட்டால் வலு போய்விடும் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார்.

“உள்ள ரூம் இருக்கா, சுவர் இருக்கான்னு நான் எட்டிப் பாக்கப்போறதில்ல தம்பி,” என்றார் தங்கையன். “தெருவுல நின்னு பாத்தா மூணு ஜன்னல் தெரியணும். அவ்வளவுதான்.”

மேஸ்திரி கெட்டிக்காரர். முழுச் சுவரின் மேல் சட்டத்தை அடித்து, கம்பி வைத்து, கம்பிக்குப் பின்னால் இருந்த பூச்சில் கறுப்பு பெயின்டை இரண்டு கை அடித்தார். தெருவில் நின்று பார்த்தால் ஒரு திறந்த ஜன்னலும் அதற்குள்ளே இருட்டான ஒரு அறையும் தெரிந்தன. மேஸ்திரி அதை டம்மி ஜன்னல் என்றார். அந்தப் பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது.

தங்கையன் வந்து அண்ணாந்து பார்த்தார். “அசல் ஜன்னல் தோத்துச்சு போங்க,” என்றார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சிரித்தார். “ஜன்னல்னு ஒன்னு வச்சாச்சு. இனி அதுல யாராவது வந்து நின்னாத்தான் அழகு.”

எல்லோரும் சிரித்தார்கள். குந்தவையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

ஆவணியில் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பிரபு விமானம் ஏறிவிட்டான். மாமனார் மாமியார் இல்லை, பிள்ளையும் இன்னும் இல்லை. ஒரத்தநாட்டில் பிறந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலைகூட இருந்ததில்லை. கல்யாணமான பிறகு இருந்ததெல்லாம் வாடகை வீடுகள். ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். இந்த வீட்டில்தான் முதன்முதலாக யாரையும் கேட்காமல் ஆணி அடித்தாள். மாடிப்படி திரும்பும் இடத்தில், டம்மி ஜன்னலுக்கு உள்புறச் சுவரில், ஒரு முருகன் காலண்டரை மாட்டினாள். மாட்டிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீடு, என் சுவர், என் ஆணி. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

புரட்டாசியில் சம்பா நடவு. அவள் காலையிலேயே தங்கள் வயலுக்குப் போய், ஆட்களோடு நின்று, பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். வாசலில் காலைக் கழுவும்போது எதிர்வீட்டுப் பிரகதீஸ்வரி குரல் கொடுத்தாள்.

“என்ன குந்தவை, மத்தியானம் கையக் கையக் காட்டுறேன், ஜன்னல்ல நின்னுக்கிட்டு கண்டுக்கவே மாட்டேங்கிற?”

“நான் வயல்ல இருந்தேங்க்கா.”

“போடி. அரக்குப் பொடவை கட்டிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு நின்னியே.”

குந்தவை தன் சேற்றுப் புடவையைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவுக்குக் கண்ணில் புரை ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிரகதீஸ்வரி மூன்றாவது ஜன்னலைக் காட்டியபோதுகூட, அது டம்மி என்று எடுத்துச் சொன்னாள். பிரகதீஸ்வரி அதை நம்பின மாதிரி தெரியவில்லை.

பிறகு கேஸ் சிலிண்டர்காரர் வந்து சத்தம் போட்டார். போன தடவை வந்தபோது வீட்டம்மா மேலே ஜன்னலில் நின்றுகொண்டு இறங்கியே வரவில்லையாம். அதனால் சிலிண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாராம். அந்த நேரம் குந்தவை கும்பகோணத்தில் உரக்கடையில் இருந்தாள். இவரிடமும் டம்மி ஜன்னல் கதையைச் சொன்னாள். அவர் மேலே பார்த்தார், அவளைப் பார்த்தார். “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

அவர் போனதும் கதவைக்கூடச் சாத்தாமல் படியேறிப் போய் காலண்டரைக் கழற்றிவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மற்ற சுவர்களெல்லாம் சில்லென்று இருந்தன. இந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ வெகுநேரம் சாய்ந்திருந்துவிட்டு நகர்ந்த இடம் மாதிரி. மல்லிகை வாசனை அடித்தது. அவள் பூ வைத்துப் பல நாள் ஆகியிருந்தது. காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். கறுப்பு பெயின்டும் கம்பியும்தான். அவள் பார்க்கும்போது அங்கே ஒருநாளும் யாரும் இருந்ததில்லை.

தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? புருஷன் வெளிநாட்டில், பெண்டாட்டி சிங்காரித்துக்கொண்டு நாள் பூராவும் ஜன்னலில் என்று பேச்சுக் கிளம்பியது. அது எந்தக் கடலையெல்லாமோ தாண்டி கத்தாருக்கும் போய்ச் சேர்ந்தது.

“எதுக்கு எப்பப் பாத்தாலும் ஜன்னல்ல நிக்கிறே?” என்றான் பிரபு போனில்.

“எந்த ஜன்னல்லங்க?”

“மூணாவது ஜன்னல்ல.”

“அது டம்மிங்க. நீங்க பக்கத்துல நிக்கும்போதுதானே பூசினாங்க?”

“அது சரி,” என்றான் பிரபு. “ஆனா எல்லாரும் பாத்தேங்கிறாங்களே.”

சுவரைக் கட்டினவனே இப்படிச் சொன்னால் அவள் யாரிடம் போய் அழுவாள்? அறுவடை முடிந்து வயலில் உளுந்து தலைகாட்டுகிற வரைக்கும் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. அதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது. தினமும் கத்திரிக்காய் வாங்குகிற கடையில், “நீங்க எந்தத் தெரும்மா?” என்று கேட்டார்கள். கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார், ஊருக்குப் புதிதாக வந்தவளிடம் கேட்பது போல.

மாசியில் தேர். தெற்கு வீதியில் தேர் திரும்புகிறபோது மொட்டைமாடியிலிருந்து பிரகதீஸ்வரி ஒரு போட்டோ எடுத்து எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள். குந்தவை அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தேருக்குப் பின்னால் அவள் வீடு, மூன்றாவது ஜன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். அரக்குப் புடவை, தலை நிறைய மல்லிகை. கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே முகம், ஆனால் சிரித்த முகம். அவள் தேரைப் பார்க்கவில்லை. பஸ்ஸ்டாண்டிலிருந்து தெருவுக்குள் நுழைகிற முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டோவின் கீழ் மூலையில், தேங்காய்த் தட்டோடு நீலப் புடவையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் குந்தவை.

உடனே பிரபுவுக்குப் போன் செய்தாள். “கீழ மூலையில பாருங்க. நீலப் பொடவை நான். மேல நிக்கிறது நான் இல்லங்க.”

“கீழ இருக்கிறதுக்கு முகமே தெரியலியே,” என்றான் பிரபு. “மேலதான் தெளிவா இருக்கு. நல்லாத்தான் இருக்கே. எங்கிட்ட இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு உனக்கு?”

அவன் குரலில் கோபம் இல்லை. ஆசை இருந்தது. அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. பேய் வீட்டைக் கேட்டால் பூசாரியைக் கூப்பிடலாம். இது புருஷனையும் சேர்த்தல்லவா கேட்கிறது?

மறுநாளே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அந்த ஜன்னலைப் பெயர்த்து எடுக்க அனுமதி வேண்டும் என்று தங்கையனைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். அவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? யாரோ ஒரு அம்மா வந்து ஜன்னல எடுக்கணும்னாங்க, அதான் வந்தேன்,” என்று மேலே பார்த்துச் சொன்னார்.

“சார், நான்தான் சார் குந்தவை. இங்க நிக்கிறேன் பாருங்க.”

தங்கையன் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். விரித்துப் பிடித்திருந்த குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “எடுக்க விதியில்லம்மா,” என்றார் மெதுவாக. “அதுவும் ஆள் இருக்கிற ஜன்னல எப்படி எடுக்கிறது?” வந்த வேகத்தைவிட வேகமாகப் போனவர், அப்புறம் தெற்கு வீதிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பங்குனியில் பிரபு வந்தான். வருகிறேன் என்று சொன்னதும் குந்தவை ஒரு முடிவு செய்தாள். அவன் கண்ணில் முதலில் படுவது தானாக இருக்க வேண்டும். அவன் மேலே பார்ப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்ட வேண்டும், தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் கடப்பாரையை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். கடப்பாரையைப் படிக்கட்டின் அடியில் தயாராக வைத்தாள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டினாள். பூவும் வைத்தாள். வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

கார் வந்து நின்றது. பிரபு இறங்கினான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

“என்னங்க,” என்றாள்.

பிரபு அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் அவளைப் பார்க்கும்போது மலர்ந்த முகம். அவன் கை தானாக உயர்ந்து அசைந்தது.

“இங்க பாருங்க. நான் இங்க இருக்கேங்க!” அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

பிரபு திரும்பிப் பார்த்தான். வழி கேட்டு நிற்கிறவளைப் பார்க்கிற பார்வை. மரியாதையாகத்தான் கையை விடுவித்துக்கொண்டான். “கொஞ்சம் இருங்க,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசற்படி ஏறினான்.

அவள் பூட்டின கதவு உள்ளேயிருந்து திறந்தது. அரக்குப் புடவையின் தலைப்பு மட்டும் தெரிந்தது.

“வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் கொண்டாரட்டுமா?”

குந்தவையின் குரல். அவளே மறந்துபோயிருந்த குரல்.

கதவு சாத்திக்கொண்டது. குந்தவை ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். சாவி ஒழுங்காகத் திரும்பியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளங்கை எரிய எரியக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டிலிருந்து பிரகதீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

“யாரும்மா நீ? குந்தவை வீட்டுக்கா?” என்றாள். “அவ புருஷன் இப்பத்தான் ஊர்லேர்ந்து வந்திருக்கான். பாவம், எத்தனை மாசமா ஜன்னல்லயே நின்னு காத்துக் கிடந்தா. இன்னொரு நாளைக்கு வாம்மா.”

குந்தவை தெருவுக்கு இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது ஜன்னலில் கறுப்பு பெயின்டைக் காணோம். கம்பிக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு இருட்டு அறை இருந்தது. அதன் உள்சுவரில் அவள் அடித்த ஆணியும், ஆணியில் முருகன் காலண்டரும் தெரிந்தன. அங்கே நிற்பதற்கு மட்டும் யாரும் இல்லை.